பகல் நித்திரைக்குக் காவல்

மகனே,

சுகமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று தொடங்கினால் வந்தாறுமூலையில் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வருவாய். ஆகவே இரண்டையும் நான் எழுதவில்லை. சாப்பிடுகிறேன், நடமாடுகிறேன், இந்த யுத்தகாலத்துக் கூப்பன் அரிசியில் கல் பொறுக்குகிறேன். நித்திரை மட்டும் வருவதில்லை. ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்து வருடக்கணக்காகியும், இந்த உடம்புக்கு இரவு எது பகல் எது என்று யாரும் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊர் அடங்கிய பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கோ காய்ச்சல் பார்க்கப் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே கிடக்கிறேன்.

எழுத வைத்தவள் பாக்கியம். ஆவணியில் நீ தாலி கட்டப்போகிற பெண், அதற்கு முன்பே மாமி வீட்டுப் படியேறினால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் முந்தாநாள் காலை வந்தாள். நான் வேலை செய்த அதே காய்ச்சல் வாட்டில் இரவு வேலையை முடித்துவிட்டு, நேரே தோணியேறி வாவியைக் கடந்து வந்திருந்தாள். கண் இரண்டும் கொவ்வைப்பழம். தேத்தண்ணீர் கேட்டாள், குடித்தால் நித்திரை போய்விடும் என்று கஞ்சிதான் கொடுத்தேன். பாதிக் கஞ்சியில் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

“மாமி, உங்கட மகன் என்ன வேலய விடட்டாம். விடாட்டிக் கலியாணம் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா ராவேலைக்குப் போற பொஞ்சாதியோட அவருக்கு இரிக்க ஏலாதாம். ஏனெண்டு கேட்டா வாய் திறக்கிறாரில்ல.”

“நீ என்ன புள்ள சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல. நான் விட்டா அந்த வாட்டுல ஆர் மாமி நிக்கிற?”

அதற்கு மேல் அவளால் கதைக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே கண் சொருகியது. பாயை விரித்து, தலையைத் தாங்கிப் படுக்க வைத்துவிட்டு, நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டு வந்தது. தென்னை ஈர்க்கை எடுத்து விரட்டினேன். விரட்டிய பிறகுதான் என் கையில் இருந்த ஈர்க்கைப் பார்த்தேன். பார்த்தவுடன் அழுகை வந்துவிட்டது. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன் அப்பா போன நாளிலிருந்து நீயும் நானும் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. முகத்துக்கு முன்னால் தொடங்கினால் நீ எழுந்து போய்விடுவாய். கடிதத்தை விட்டு எழுந்து போனாலும் அது மேசையில் கிடக்கும், திரும்பி வந்து வாசிப்பாய்.

முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கிருந்த வெள்ளைக்கார அம்மாவின் சொல் கேட்டு, தாதி வேலைக்குப் போனவள். தாதியை நம் சனம் மிஸி என்றுதான் சொல்லும். குமர்ப்பிள்ளை அந்நிய ஆம்பிளைகளின் உடம்பைத் தொட்டுக் காயம் கழுவுகிறாள் என்று எனக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. உன் அப்பா மட்டும், “சுகமில்லாதவனுக்கு ஆம்பிள என்ன, பொம்பிள என்ன?” என்று கேட்டுவிட்டு வந்து என்னைக் கட்டினார். கலியாணம் முடித்தவளை வைத்திருக்க ஆஸ்பத்திரிக்கு விருப்பமில்லை. ஆனால் மலேரியாக் காலம், ஆள் பஞ்சம். கடைசியில், இரவு வேலைக்கு வருவதானால் இருக்கலாம் என்றார்கள். மற்ற மிஸிகள் ஓடி ஒளிகிற வேலை எனக்கு வாழ்நாள் வேலையாயிற்று.

இரவு விழிப்பது கஷ்டமென்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். அரிக்கன் லாம்பைத் தணித்து வைத்த வாட்டில், கொயினா மருந்து குடித்த காய்ச்சல்காரர்கள் நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது, கால் நோகிறதே என்று உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அது போதும் நித்திரைக்கு. விடிகிறதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. உடம்பு குளிர்ந்து, வாய் கசந்து, கட்டில்கள் தாமாக அசைவதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில் யாருக்காவது மருந்து அளக்கிறதென்றால் நான் முகம் கழுவிவிட்டு, போத்தலில் ஒட்டியிருப்பதை வாய்விட்டு வாசித்த பிறகுதான் அளப்பேன். இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாமல் போனது பகல்தான். ஊருக்குப் பகலாக இருக்கிற நேரத்தை எனக்கு மட்டும் இரவாக்கிக்கொண்டு ஊருக்கு நடுவில் எப்படித் தூங்குவது?

மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வருகிறவர்கள் பயந்துகொண்டு வருவார்களாம். அந்த மந்திரத்தைத் தெரிந்தவர் யாராவது என்னை ஒரு மணித்தியாலம் பாயோடு ஒட்ட வைத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். பகலில் பாய் விரித்த வீட்டில் மூதேவி குடியிருப்பாள் என்றார்கள். படுத்துக் கண்ணை மூடினேனோ இல்லையோ, “என்னகா, சுகமில்லையா?” என்று யாராவது ஒருத்தி வந்து என்னை உலுப்பி எழுப்பி விசாரிப்பாள். சுகமில்லைதான், நீ எழுப்பியதால் வந்த சுகவீனம் என்று சொல்ல வாய் வராது. சில மாதத்தில் நான் மனுஷியாகவே இல்லை. சோற்றுப்பானை சரிந்ததற்கு ஒப்பாரி வைத்து அழுதிருக்கிறேன். நீ கைக்குழந்தை, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே உன்னைத் தேடியிருக்கிறேன்.

உன் அப்பாவுக்கு மட்டும் இது விளங்கியது. வெல்லாவெளிப் பக்கம் வட்டை என்கிற வயல்வெளியில் நம் பயிருக்கு யானைக்கும் பன்றிக்கும் காவல் கிடந்த மனிதர் அவர். “வட்டையில காவல் கிடந்தவனுக்குத் தெரியும் புள்ள. ரா முழிச்சவன் பகல்ல படுக்காட்டி, மூண்டாம் நாள் ஆனையும் மரமும் ஒண்டாத்தான் தெரியும்,” என்றார். அன்றே பயிர்க்காவல் போல என் நித்திரைக்குக் காவல் தொடங்கிற்று. காத்தான்குடியிலிருந்து வண்டியில் சீலை கொண்டு வரும் முஸ்லிம் வியாபாரி, அண்ணன் முறையில் நாம் காக்கா என்று கூப்பிடுகிறவர், உனக்கு நினைவிருக்கும். அவரிடம் தடித்த கறுத்த நெசவுத் துணி வாங்கி ஜன்னலை மூடினார். மாட்டின் கழுத்துமணியைக் கழற்றினார். விசாரிக்க வந்த பெண்களை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தி, “அவ உங்கட புருசன்மாருக்கு ரா முழுக்க முழிச்சிரிந்தவ, இப்ப கொஞ்சம் படுக்கட்டும்,” என்றார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். சீலைக் காக்காகூட நம் ஒழுங்கைக்குள் வண்டி திரும்பியதும் கூவுகிறதை நிறுத்திவிடுவார். ஒரு வீட்டைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு போன வியாபாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நீ வளர்ந்ததும் உன்னையும் காவலில் சேர்த்துக்கொண்டார். உன் கையில் ஓர் ஈர்க்கைத் தந்து, கோழி உன் பொறுப்பு என்றார். நீயும் வாசலில் உட்கார்ந்து, பாடத்தைச் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைய வாசித்துக்கொண்டு, கோழி விரட்டினாய். நான் நன்றாகத் தூங்கினேன். தூங்கியதால் நல்ல மிஸியாக இருந்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது இதை முழுக்க மூடிவிட்டது.

அன்று உனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அறுவடை முடிந்து அப்பா வீட்டில் இருந்தார். என் அறைச் சுவரோடு அடுக்கியிருந்த தென்னோலைக் கிடுகுக்குள் ஒரு கோழி புகுந்து ஓயாமல் கொக்கரித்தது. “இந்தச் சனியன் அவள எழுப்பிப் போடும்,” என்று சொல்லிக்கொண்டு அதைப் பிடிக்கக் கையை விட்டார். கோழி கத்தியது முட்டையிட்ட சந்தோஷத்தில் அல்ல. உள்ளே நாகம் இருந்தது. என் நித்திரை கலையக் கூடாதென்று நீட்டிய கையில்தான் அது கடித்தது. இதைப் பேப்பரில் எழுதுவது இதுவே முதல் தடவை.

சால்வையைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே தானே கட்டிக்கொண்டு, உன்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னதை நீதான் எனக்குச் சொன்னாய். அப்போதும் குரலைத் தணித்துத்தான் பேசினாராம். “மனே, அம்மாவ எழுப்பாத. விடியத்தான் வந்து படுத்தவ, ராவைக்கும் போகோணும். நான் வைத்தியரிட்டப் போயிட்டு வாறன். நீ கோழியப் பாரு.” அந்த நேரம் பார்த்து சீலை வண்டி வந்தது. மிச்சத்தைக் காக்கா எனக்குப் பிறகு சொன்னார். சொல்லும்போது வேலிக்கு வெளியிலேயே நின்று தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “தம்பி, புள்ளய எழுப்புவம், அவ படிச்ச புள்ள,” என்று அவர் இறங்கி வந்தாராம். “வேணாம் காக்கா. வைத்தியர் பாப்பார். இவட நித்திரயக் கெடுத்தா, ராவைக்கு அங்க ஆரும் ஒருத்தன் சாவான்,” என்று உன் அப்பா வண்டியில் ஏறிவிட்டாராம்.

பாம்பு கடித்தவனைத் தூங்க விடக்கூடாது என்பது நம் பக்கத்து விஷவைத்தியர்களின் முதல் சட்டம். கண் மூடினால் விஷம் ஏறிவிடும் என்பார்கள். வாயில் மிளகும் வேப்பிலையும் கொடுத்து, இரண்டு பேர் தோளில் தாங்கி, உன் அப்பாவை வைத்தியர் வீட்டு முற்றத்தில் மேலும் கீழும் நடத்தியிருக்கிறார்கள். இமை விழ விழ முகத்தில் தண்ணீர் எறிந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறார்கள். அங்கே ஒரு கூட்டமே நின்று அவரைத் தூங்க விடாமல் வைத்திருந்த பகல் முழுவதும், இங்கே நான் தூங்கினேன். கோழிச் சத்தம் இல்லை. ஒழுங்கையில் ஒரு குரல் இல்லை. அந்த மாதத்திலேயே நான் அசந்து தூங்கிய பகல் அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து வந்தேன். நீ ஈர்க்கும் கையுமாக வாசலில் இருந்தாய். மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டிருக்கவில்லை.

“அப்பா எங்க மனே?”

“வைத்தியரிட்ட.”

“ஏன்?”

“பாம்பு கடிச்ச. உங்கள எழுப்ப வேணாமெண்டவர். நான் எழுப்பல்ல. கோழியும் வரல்ல, ஒண்டும் வரல்ல.”

தந்த வேலையைச் சரியாகச் செய்து முடித்தவனின் பெருமை உன் முகத்தில் இருந்தது. என் முகத்தைப் பார்க்கப் பார்க்க அந்தப் பெருமை போனது. மகனே, அன்று நான் பார்த்தவற்றில் என்னால் மறக்க முடியாதது அதுதான், உன் அப்பாவின் முகம்கூட அல்ல.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கண் திறக்க முடியவில்லை. நாக்குக் குழறியது. கையைப் பிடித்ததும் நான்தான் என்று தெரிந்துகொண்டார். “நித்திர கொண்டியா புள்ள?” என்று கேட்டார். “ஓம், கொண்டன்,” என்றேன். “நல்லம்,” என்றார். பிறகு பேசவில்லை.

செத்த வீட்டில் ஒருத்தி சொன்னது உன் காதிலும் விழுந்தது என்று எனக்குத் தெரியும். ‘புருசன் சாகக்குள்ள நித்திர கொண்டவள்.’ அந்தப் பட்டம் எனக்கு இன்றைக்கும் உண்டு. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்றார்கள். ஈரத்தை வைத்துக்கொண்டு உனக்குச் சோறு போட முடியாது என்பது ஒன்று. மற்றது, உன் அப்பா எனக்காகக் கடைசியாகக் காத்தது அந்த வேலையைத்தான். அதை விட்டுவிட்டு நான் எதைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பது?

என்னை எழுப்பியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று நீ உன்னையே கேட்டுக்கொள்கிறாய். நானும் கேட்டேன். அப்போது நம் ஆஸ்பத்திரியிலும் நாகம் கடித்தவனுக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை. நேரத்துக்கு வந்தவர்களும் என் கண் முன்னால் போயிருக்கிறார்கள். நேரம் தப்பி வந்தவர்கள் எழுந்து நடந்தும் போயிருக்கிறார்கள். ஆகவே தெரியாது. உனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன், மிஸிக்கு அது பழக்கமில்லை. ஆனால் இந்தத் ‘தெரியாது’ உன்னுடையதல்ல. பெரியவர்கள் இரண்டு பேர் ஒரு சிறுவனிடம் ‘எழுப்பாதே’ என்று மட்டும் சொல்லி வைத்தோம். எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லி வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நீ சொன்னபடி செய்தாய், அவ்வளவுதான் உன் பங்கு.

அன்றிலிருந்து நீ யாரையும் எழுப்பியதில்லை. ஒரு மாரியில் கூரை ஒழுகி என் பாய் நனையத் தொடங்கியபோது, என்னை எழுப்பாமல், ஒழுகின இடத்துக்கு நேரே சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கண் விழித்தபோது சட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. அன்றே இதைப் பேசியிருக்க வேண்டும். இப்போது உத்தியோகம் பார்க்கிற ஆம்பிளை, சனிக்கிழமைகளில் வருகிறாய். நான் கண்ணை மூடிக் கிடந்தால் மரக்கறியையும் மருந்தையும் வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் பஸ் ஏறுகிறாய். பல தடவை நான் தூங்கவில்லை மகனே. வேலிக் கடப்பு திறக்கிற சத்தம் கேட்கும், உன் மூச்சுச் சத்தமும் கேட்கும். கூப்பிடுவாய் என்று காத்துக்கொண்டு கண்ணை மூடியே கிடப்பேன். நீ போன பிறகு எழுந்து மரக்கறியை உள்ளே எடுத்து வைப்பேன்.

பாக்கியத்தை வேலையை விடச் சொல்லாதே. நம் வழக்கப்படி நீதான் அவள் வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறவன். வீடும் அவளுடையது, பாயும் அவளுடையது, அந்தப் பாயில் அவள் எப்போது படுப்பது என்று சட்டம் போட நீ யார்? கோபத்தில் எழுதவில்லை. உனக்கு அவளுடைய வேலை பிடிக்காமல் இல்லை, திரும்பவும் ஒரு வாசலில் உட்கார்ந்து ஒருத்தியின் நித்திரையைக் காக்கத்தான் பயம். பயம் நியாயமானது. அதற்கு அவளைத் தண்டிக்கிறதுதான் நியாயமில்லை. அவள் வேலையை விட்டு, இரவெல்லாம் உன் பக்கத்தில் படுத்திருந்தாலும், நீ அவளை எழுப்ப மாட்டாய். நெஞ்சு நோவென்று வந்தாலும் விடியட்டும் என்று கிடப்பாய். உன்னை நான் அறிவேன்.

காலையில் அவள் வரும்போது குடையோடு போய்த் தோணித்துறையில் நில். வெயில் கண்ணில் பட்டால் நித்திரை கலைந்துவிடும். வழியில் கதை கொடுக்காதே, வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் பின்னேரம். கஞ்சியோ பழஞ்சோறோ கொஞ்சம், வயிறு முட்ட அல்ல. கறுத்த துணி என் பெட்டியில் இருக்கிறது, இன்னும் கிழியவில்லை, எடுத்துக்கொண்டு போ. ஒரே மூச்சில் தூங்கவில்லை என்று அவள் கவலைப்பட்டால், மத்தியானம் வரை ஒன்று, வேலைக்குப் போக முன் ஒன்று என்று இரண்டாகத் தூங்கச் சொல். அவள் காரணமில்லாமல் சீறி விழும் நாட்கள் வரும். அது அவள் அல்ல, நித்திரைக் கடன்; பதில் சொல்லாமல் வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் போடு. இவ்வளவையும் உன் அப்பா யாரும் சொல்லித் தராமலே செய்தார். அவர் செய்யாமல் விட்ட ஒன்றை மட்டும் நீ செய்ய வேண்டும். எதற்கு எழுப்ப வேண்டும் என்று தாலி கட்டுவதற்கு முன்பே அவளோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்.

முந்தாநாள் பின்னேரம் அவள் எழுந்ததும் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். நீ சொல்லமாட்டாய் என்பதால் சொன்னேன், கோபிக்காதே. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள்: “அவருக்கு ஒரு முள்ளுக் குத்தினாலும் எழுப்பட்டும் மாமி. நான் மறுகா படுப்பன்.”

‘மறுகா படுப்பன்.’ பிறகு படுத்துக்கொள்வேன் என்கிற இந்த ஒரு சொல்லை நான் உன் அப்பாவிடம் சொல்லி வைக்கவில்லையே என்று அவள் தோணியேறிப் போன பிறகும் வாசலிலேயே இருந்தேன். பிறகு விளக்கு வைத்தேன்.

வருகிற சனிக்கிழமை வா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்காதே. நான் கண்ணை மூடியிருந்தாலும், உண்மையாகவே தூங்கினாலும், கிட்ட வந்து தோளைத் தொட்டு அம்மா என்று கூப்பிடு. பெரிய காரணம் எதுவும் வேண்டாம். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவாவது எழுப்பு. நான் எழும்புவேன்.

உன் அம்மா